எழுத்துக்கு நிறம் தெரிவது நியூரோடைவர்சிட்டியில் சேருமா?

நூல்கண்டு | மார்ச் 3, இரவு 10:52

இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஆறு வயது. போன வருடம் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். தெரபி தொடங்கும் முன், அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் துணி ஆகாது என்று ஒரு பெரிய படிவம் நிரப்பச் சொன்னார்கள். நடுவில் தெரபிஸ்ட், "உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "எல்லோருக்கும் இருப்பதுதான் மேடம். மிக்ஸி ஓடினால் முன்னால் சாம்பல் நிறத்தில் ஜல்லி கொட்டுமே, அது தாங்காமல் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஜல்லி கொட்டுமா?" என்றார்.

மற்றவர்களுக்கு ஜல்லி கொட்டாது என்பது முப்பத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

எழுத்துக்கும் எண்ணுக்கும்கூட நிறம் உண்டு. க என்றால் வறுத்த காப்பிக்கொட்டை. ப வெண்ணெய் மஞ்சள். ம மாதுளை முத்து. கா, கி, கு எல்லாம் காப்பிக் குடும்பம்தான். கொம்பு போட்டால் கொஞ்சம் கருக்கும், கால் போட்டால் அகலமாகப் பரவும். ந, ன, ண மூன்றும் மூன்று நிறம், அதனால் பள்ளிக்கூடத்தில் அதில் பிழை விட்டதே இல்லை. ஆனால் ர, ற இரண்டுக்கும் ஒரே துருப்பிடித்த நிறம். அதில் இன்றுவரை தடுமாற்றம்தான். எண்களில் 4 மஞ்சள், 7 பாசிப் பச்சை, 1 வெள்ளை.

சிரிக்காதீர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுக்க நிறத்தோடும் எண்ணோடும்தான் வேலை. ஸ்டைல் நம்பர் 4471 என்று தாளில் பார்த்தால் எனக்கு மஞ்சளும் பச்சையும். பையர் கேட்டிருந்ததோ அடர் நீலம். நீலத் துணி சரியாகத்தான் வந்திருந்தது. எண்ணைப் பார்த்ததும் "இது இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கட்டிங் இரண்டு நாள் தள்ளிப்போய், நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

இதற்கு சினெஸ்தீசியா என்று பெயர், ஒரு புலனைத் தொட்டால் இன்னொன்றும் சேர்ந்து எழுவது என்று தெரபிஸ்ட் சொன்னார். கேள்வி இதுதான்: மூளை வேலை செய்யும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அது குறையல்ல என்கிறார்களே, அந்த நியூரோடைவர்சிட்டியில் இது சேருமா? அல்லது மகனுக்குக் கொடுத்த பெயரில் நானும் ஒட்டிக்கொள்கிறேனா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

செங்கல்சூளை | மார்ச் 3, இரவு 11:20

அய்யோ. எனக்கு 5 சிவப்பு. இதற்கெல்லாம் பெயர் உண்டா!

வடக்குமாசி | மார்ச் 4, காலை 7:05

நூல்கண்டு அவர்களே, உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதில் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையில் க எந்த நிறத்தில் இருந்ததோ அது மனதில் தங்கியிருக்கலாமே? அப்புறம் கிழமைகளையும் சொல்லுங்கள். செவ்வாய் சிவப்பு, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், சனி கருப்பு என்றால் அது நவக்கிரகத்துக்குச் சாத்தும் துணியின் நிறம். மதுரையில் எந்தக் கோயில் பிரகாரத்தில் நின்று கேட்டாலும் சொல்வார்கள்.

தமிழில் எல்லோரும் பேசுவதே புலன் மாற்றித்தான். காரமான பேச்சு, கூர்மையான சொல், குழைவான குரல். அப்படியானால் நாம் எல்லோருமே சினெஸ்தீசியாவா?

இரண்டாம்பெஞ்சு | மார்ச் 4, காலை 9:48

எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் வருடம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடக்குமாசி சார் கேட்டதில் பாதி சரி, ஆனால் அது எதிர்வாதம் ஆகாது. அமெரிக்காவில் 1971 முதல் 1990 வரை ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த எழுத்துகளை விற்றது. எழுத்துக்கு நிறம் தெரியும் 6,588 பேரின் பதிவுகளை 2015இல் பார்த்தபோது, சுமார் 6 சதவீதம் பேருடைய நிறங்கள் அந்தப் பொம்மையோடு பெருமளவு பொருந்தின. பொம்மை சந்தைக்கு வந்த அடுத்த பத்தாண்டில் பிறந்தவர்களிடம் அது 15 சதவீதம் வரை போனது. ஆக நிறம் வெளியிலிருந்து வரலாம். ஆனால் அந்தப் பொம்மையோடு விளையாடிய மற்ற லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நிறம் ஒட்டவில்லையே? எந்த நிறம் என்பதை அனுபவம் தரலாம். ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அந்த மூளையுடையது.

உவமைக்கும் இதற்கும் வேறுபாடு, இது தானாக வரும், மாறாது. 1987இல் பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹென் குழு ஒரு பெண்ணிடம் 103 சொல், எழுத்துகளுக்கு நிறம் கேட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் பத்து வாரம் கழித்து மறுபடி கேட்டார்கள். அத்தனையும் அதே பதில். ஒப்பீட்டுக்கு வைத்திருந்தவரிடம் இரண்டே வாரத்தில் கேட்டும் 17 சதவீதம்தான் பொருந்தியது. "காரமான பேச்சு" என்கிற நமக்கு நாக்கு எரிவதில்லை. சொல்லுக்குச் சுவை தெரிகிறவர்களுக்கு உண்மையிலேயே வாயில் சுவை வரும்.

அரிதும் இல்லை. எடின்பரோ, கிளாஸ்கோ பக்கம் நேரடியாகச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஏதோ ஒரு வகை சினெஸ்தீசியா 4.4 சதவீதம் பேருக்கு இருந்தது. அதிகம் தென்பட்டது கிழமைகளுக்கு நிறம் தெரிவதுதான். அதற்கு முன்பு பெண்களுக்குத்தான் அதிகம் என்று நம்பினார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோது பெண்கள் கூடுதலாக எழுதிப் போட்டதுதான் பெரிய காரணம்.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. இந்தத் துறையை 2001இல் மறுபடி பேச வைத்தவர்களில் ஒருவர் நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து, மூளையில் எண்ணை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுச்சுவர் சரியாக எழும்பவில்லை என்பதுபோல் ஒரு விளக்கம் சொன்னார். கூரான உருவத்துக்கும் உருண்டை உருவத்துக்கும் கிக்கி, பூபா என்ற பெயர்களை யாருக்கு எது என்று கேட்கும் சோதனையை அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுபவர்களிடமும் செய்தார்கள். கூரானது கிக்கி என்பதில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பக்கம். நீங்கள் சொன்ன "கூர்மையான சொல்" இந்த வகை. அது எல்லோருக்கும் உண்டு, சினெஸ்தீசியா சிலருக்குத்தான்.

நூல்கண்டு | மார்ச் 4, மதியம் 1:30

(சாப்பாட்டு இடைவேளை.) வடக்குமாசி சார், கிழமை கேட்டீர்கள். புதன் பச்சைதான், மாட்டிக்கொண்டேன். ஆனால் செவ்வாய் எனக்கு வெளுத்த ஊதா, வியாழன் ஈர மண். பெயரிலேயே சிவப்பை வைத்துக்கொண்டு செவ்வாய் ஊதாவாக இருப்பது எனக்கே எரிச்சல். வெள்ளிக்கிழமை மட்டும் நிறமே இல்லை, வழவழப்பு மட்டும்.

பனங்காய் | மார்ச் 4, மாலை 6:15

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோவில். எனக்கு நிறம் ஒன்றும் இல்லை. ஆனால் வருடம் என்னைச் சுற்றி வளையமாக நிற்கும். தை மாதம் இடது தோளுக்குப் பக்கத்தில், ஓகஸ்ட் முதுகுக்குப் பின்னால். யாராவது "ஓகஸ்டில் கலியாணம்" என்று கதைத்தால் தலை கொஞ்சம் பின்னால் திரும்பிவிடும். மனுசி எப்போதும் சிரிப்பாள். ஜனவரியும் தையும் ஒரே இடத்தில்தான், ஆனால் தை கொஞ்சம் உயரத்தில். இதுவும் அதே கணக்கில் வருமா?

இரண்டாம்பெஞ்சு | மார்ச் 4, இரவு 8:02

வரும் அண்ணா. எண்கள் இடத்தில் அடுக்கி நிற்பதை ஃபிரான்சிஸ் கால்டன் 1880லேயே வரைபடங்களோடு எழுதினார். இதையும் சினெஸ்தீசியாவோடு சேர்த்துத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள்.

மிருதங்கம்72 | மார்ச் 5, காலை 6:10

எனக்கு ராகங்களுக்கு நிறம் தெரியும். கல்யாணி தங்கம், முகாரி சாம்பல். ஐம்பது வருடக் கேள்வி ஞானம்.

வடக்குமாசி | மார்ச் 5, காலை 6:40

ஐயா, போன மாதம் வேறொரு இழையில் முகாரி நீலம் என்று எழுதியிருந்தீர்கள்.

மிருதங்கம்72 | மார்ச் 5, காலை 7:25

அப்படியா? சரி, அப்போது எனக்கு இருப்பது ரசனை. வியாதி இல்லை.

இரண்டாம்பெஞ்சு | மார்ச் 5, காலை 8:00

ஐயா, அவர்களுக்கு இருப்பதும் வியாதி இல்லை :) மனநல நோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். புத்தகத்திலும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலிலும் சரி, சினெஸ்தீசியா கிடையாது.

ஆதியின் அம்மா | மார்ச் 5, இரவு 11:37

இந்த இழையை இரண்டு நாளாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

என் மகனுக்குப் பதினொரு வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. இன்னும் டயப்பர். போன வருடம் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு நான்கு தையல். நான்கு பள்ளிகளில் இடமில்லை என்று சொன்னார்கள், ஐந்தாவது பள்ளி வாசலிலேயே சொல்லிவிட்டது.

நியூரோடைவர்சிட்டி என்ற சொல் எங்கே போனாலும் காதில் விழுகிறது. அதன் கீழே வந்து நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், வேலை பார்க்கிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள், எழுத்தில் நிறம் தெரிகிறவர்கள். கேட்க அழகாக இருக்கிறது. பத்திரிகைக்காரருக்கும் அதுதான் வேண்டும். ஆதியைப் பற்றி எழுத யாரும் வர மாட்டார்கள், அவனிடம் மாதுளை நிறத்தில் ம இல்லை.

நூல்கண்டு, உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் மகன் என் மகன் மாதிரிதான். ஆனால் கேட்டீர்களே, ஒட்டிக்கொள்கிறேனா என்று. கொஞ்சம் அப்படித்தான் தோன்றுகிறது. 2016 சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன் இருக்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. அந்த அட்டைக்காக எத்தனை நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நாளைக்கு "நானும் நியூரோடைவர்ஸ்தான், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நூறு பேர் சொன்னால், "அப்புறம் உங்களுக்கு எதற்கு உதவி?" என்று எங்களைத்தான் கேட்பார்கள்.

செங்கல்சூளை | மார்ச் 6, காலை 6:50

இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை அக்கா. படித்தேன்.

இரண்டாம்பெஞ்சு | மார்ச் 6, காலை 10:15

ஆதி அம்மா சொன்னதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. தகவல் மட்டும்.

ஆட்டிசத்துக்கும் சினெஸ்தீசியாவுக்கும் தொடர்பு உண்டா என்று தேடியிருக்கிறார்கள். 2009இல் 43 குடும்பங்களின் மரபணுக்களைப் பார்த்த ஆய்வில் சினெஸ்தீசியாவோடு தொடர்புடைய இடங்களில் ஒன்று இரண்டாவது குரோமோசோமில் இருந்தது. அதே பகுதியை முன்பே ஆட்டிசத்தோடும் இணைத்துப் பேசியிருந்தார்கள். 2013இல் கேள்வித்தாள் வைத்துக் கேட்டதில், ஆட்டிசம் உள்ள 164 பெரியவர்களில் 18.9 சதவீதம் பேருக்கு சினெஸ்தீசியா, ஆட்டிசம் இல்லாத 97 பேரில் 7.2 சதவீதம். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனால் 2017இல் வேறு ஒரு ஆய்வு, அதிலும் பேரன்-கோஹென் பெயர் உண்டு, இன்னும் பிரித்துப் பார்த்தது. ஆட்டிசத்தோடு அசாதாரணத் திறமையும் உள்ளவர்களிடம்தான் சினெஸ்தீசியா அதிகம். அந்தத் திறமை இல்லாத ஆட்டிசத்தில் அதிகம் இல்லை. கணக்கில் வரும் பை (π) எண்ணின் 22,514 இலக்கங்களை 2004இல் ஒப்பித்த டேனியல் டாமெட் மாதிரி ஆட்கள்தான் அந்த முதல் வகை. ஆக ஆதி அம்மா சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது: செய்தியில் வரும் தொடர்பு ஒரு சின்னக் கூட்டத்துடையது.

இன்னொன்று. அதே 2017இல் ஜேமி வார்ட் குழு சொன்னது, நிறம், இசை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, வெளிச்சம், சத்தம், துணி உரசல் இவற்றால் படும் அவதியை மட்டும் பார்த்தால் சினெஸ்தீசியாக்காரர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் ஒரே மாதிரி உயர்ந்து நிற்கிறார்கள் என்று. எனக்கு நிறத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சொல்லைப் பற்றியும். 1998இல் ஜூடி சிங்கர் ஆஸ்திரேலியாவில் தன் ஆய்வேட்டிலும், அதே வருடம் ஹார்வி ப்ளூம் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரையிலும் நியூரோடைவர்சிட்டி என்று எழுதினார்கள். அதற்கு முன்பே ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மடல்களில் அந்த யோசனை ஊறிக்கொண்டிருந்தது. நியூரோடைவர்ஜென்ட், அதாவது பெரும்பாலோரிடமிருந்து மாறுபட்டு இயங்கும் மூளை உள்ளவர் என்பது அப்புறம் காசியேன் அசசுமாசு கொண்டுவந்த சொல். யாரையும் வெளியே தள்ளக் கூடாது என்றுதான் அவர் அதை அகலமாக வைத்தார். அந்தக் கணக்கில் நூல்கண்டு அக்கா உள்ளேதான். ஆனால் அந்தச் சொல்லுக்கும் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம்.

நூல்கண்டு | மார்ச் 7, இரவு 12:20

ஆதி அம்மா, இரண்டு நாளாக உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். நீங்கள் சொன்னது வலித்தது, ஆனால் தவறு என்று சொல்ல முடியவில்லை. எனக்கு எந்த அட்டையும் வேண்டாம், கேட்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மிக்ஸி போட்டால் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். என் மாமியார் "பழகிவிடும், போட்டுக்கொண்டே இரு" என்பார். கணவரும் அதேதான். நான் மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு முப்பத்தெட்டு வருடமாகப் பழகவில்லையே. அவனுக்குக் கொட்டுவது ஜல்லியா வேறு எதுவா என்று தெரியாது, அவன் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொள்ளவும் பயம். ஆனால் பழகாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது நான் வெளியே செருப்பு விடும் இடத்தில் நிற்பேன். "இவளுக்குக் கர்வம்" என்று பெயர். என் பையனைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு "குழந்தைக்காக நிற்கிறாள், பாவம்" என்கிறார்கள். ஒரே இடத்தில்தான் நிற்கிறேன்.

ஆதியின் அம்மா | மார்ச் 7, காலை 5:45

அந்தச் செருப்பு விடும் இடம் எனக்கும் நன்றாகத் தெரியும்.

மிக்ஸியை என்ன செய்தீர்கள்?

நூல்கண்டு | மார்ச் 7, காலை 8:30

பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டேன். அடியில் பழைய ஃப்ளீஸ் துணி நான்கு மடிப்பு (கம்பெனி வேஸ்ட்). போடுவதற்கு முன் அவனிடம் ஒரு மிக்ஸி படம் காட்டுவேன். முன்பெல்லாம் கட்டிலுக்கடியில் போனவன் இப்போது வாசல் திண்ணைக்குப் போகிறான். மாமியார், சட்னிக்குக் கொல்லைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று இன்னும் புலம்பல்.

பனங்காய் | மார்ச் 7, மாலை 7:00

இங்கே என் மகளின் பள்ளிக்கூடத்தில் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சுலபமாம். நூல்கண்டு அக்கா மாதிரிப் பிள்ளை இருந்தால் அவ்வளவுதான்.

நூல்கண்டு | மார்ச் 7, இரவு 9:10

ஐயோ, பச்சையில் 4 அச்சடித்திருந்தால் அழுதே இருப்பேன்.

வடக்குமாசி | மார்ச் 8, காலை 9:30

நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ராமச்சந்திரனின் முக்கோணச் சோதனை, அதாவது 5களுக்கு நடுவில் முக்கோண வடிவில் ஒளிந்திருக்கும் 2கள் இவர்களுக்கு நிறத்தால் சட்டென்று எழுந்து நிற்கும் என்றது, பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பளிச்சென்று வரவில்லை. இவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவே. ஆகவே சந்தேகப்படுவது குற்றமில்லை என்று பதிவு செய்கிறேன்.

நூல்கண்டுவிடம் ஒரு வேண்டுகோள். "வெண்ணெய் மஞ்சள்" என்றால் ஆளுக்கு ஒரு மஞ்சள். உங்கள் தொழிலில் எண் போட்ட ஷேட் புத்தகம் உண்டல்லவா? 30 எழுத்தும் எண்ணும் கலைத்துப் போட்டு அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஷேட் எண்ணை இரண்டாம்பெஞ்சு தம்பிக்குத் தனி மடலில் அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளாதீர்கள். சில வாரம் கழித்து, எப்போது என்று சொல்லாமல், வேறு வரிசையில் மறுபடி கேட்கிறேன்.

நூல்கண்டு | மார்ச் 8, மதியம் 1:15

சம்மதம். ஒரு சிக்கல்: ஷேட் எண்ணும் எண்தானே. 19-4052 என்பது நீலம், ஆனால் அதைப் படிக்கும்போது என் தலையில் மஞ்சள் நடுவில் நின்று தொந்தரவு செய்யும். அதனால்தான் லேப் டிப் (சாயம் போட்டுப் பார்க்கும் மாதிரித் துணி) ஒப்புதலுக்கு எண்ணைத் தாளால் மறைத்துவிட்டுத் துணியை மட்டும் பார்ப்பேன். பக்கத்து சீட் அண்ணா அது ஏதோ சென்டிமென்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வடக்குமாசி | ஏப்ரல் 13, காலை 8:00

நூல்கண்டு, இன்றைக்கு. பட்டியல் மடலில் இருக்கிறது.

நூல்கண்டு | ஏப்ரல் 13, மாலை 6:40

அனுப்பிவிட்டேன். நாளைக்குப் புத்தாண்டு, மாங்காய்ப் பச்சடிக்கு நடுவில் இது வேறு.

இரண்டாம்பெஞ்சு | ஏப்ரல் 14, காலை 11:05

புத்தாண்டு வாழ்த்துகள். 30இல் 25 அதே ஷேட் எண். நான்கு அதே பக்கத்தில் அடுத்த கட்டம். ஒன்று மட்டும் வேறு பக்கம்.

இதை ஆய்வு என்று யாரும் பகிர வேண்டாம். ஒரே ஆள், ஒப்பீட்டுக்கு ஆளே இல்லை.

வடக்குமாசி | ஏப்ரல் 14, காலை 11:30

ஒப்பீட்டுக்கு ஆள் உண்டு. வெளியே சொல்லாமல் நானும் செய்து வைத்திருந்தேன், நம்மிடம்தான் நெசவாளர் வீட்டு நூல் அட்டை இருக்கிறதே என்று. 30இல் 6. அந்த ஆறில் நான்கு, எழுத்து அட்டையை நினைத்துச் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன் அம்மா.

தவறிய அந்த ஒன்று எது?

இரண்டாம்பெஞ்சு | ஏப்ரல் 14, காலை 11:42

ற.

நூல்கண்டு | ஏப்ரல் 14, மதியம் 2:20

சொன்னேனே, அதில்தான் எனக்குத் தடுமாற்றம் என்று. மகன் இப்போது தெரபியில் எழுத்து அட்டை அடுக்குகிறான். நேற்று ர-வையும் ற-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த யோசனையோடுதான் பட்டியலுக்கு உட்கார்ந்தேன். ற கொஞ்சம் இருண்டுவிட்டது போலிருக்கிறது. மேலே வடக்குமாசி சார் சனிக்கு எழுதிய "கருப்பு" சரியா, "கறுப்பு" சரியா என்று யாராவது சொல்லுங்கள், இப்போதாவது தெரிந்துகொள்கிறேன்.

மிருதங்கம்72 | ஏப்ரல் 14, மாலை 4:00

இரண்டும் சரி என்பார் பாதிப் பேர். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐம்பது பக்கம் போகும்.